இளமை தரும் தடாகம்

இளமையைத் திரும்பப் பெற வேண்டும் என்ற ஆசை மனிதருக்கு இன்று நேற்று வந்ததல்ல. மகாபாரதத்தில் வரும் யயாதி மன்னன், முதுமைச் சாபம் பெற்றதும் தன் மகன் பூருவின் இளமையை வாங்கிக்கொண்டு தன் முதுமையை அவனிடம் கொடுத்தான். மேற்கு நாட்டவரிடமும் இப்படியொரு கதை உண்டு. 1513ஆம் ஆண்டு ஸ்பானிய நாட்டவரான பொன்ஸ் டி லியோன் புளோரிடாவில் கரையிறங்கினார். குளித்தால் இளமை திரும்பும் ஊற்றொன்றைத் தேடியே அவர் அங்கு வந்தார் என்ற கதை அவர் இறந்த பின்னர் கட்டப்பட்டது. கட்டுக்கதைதான். ஆனாலும் அந்த ஊற்றின் பெயரில் ஒரு பூங்காவே இன்று புளோரிடாவில் இருக்கிறது.

அதே புளோரிடாவில் எடுக்கப்பட்ட ஒரு விஞ்ஞானப் புனைகதைப் படத்தைப் பற்றித்தான் இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். படத்தின் பெயர் ‘கொக்கூன்’. பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூட்டைக் குறிக்கும் சொல் இது. ரொன் ஹவார்ட் இயக்கிய இப்படம் 1985ஆம் ஆண்டு வெளிவந்தது. அடுத்த ஆண்டு இரண்டு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஒன்று காட்சி விளைவுகளுக்கானது. மற்றையது துணை நடிகருக்கானது. துணை நடிகருக்கான விருதைப் பெற்ற டொன் அமீச்சிக்கு அப்போது வயது 77.

படம் வந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இருந்தும் முதுமையைப் பற்றி, குறிப்பாகப் பெண்களின் முதுமையைப் பற்றிப் பேசுவதற்கு இதில் நிறைய இருப்பதாக நான் நினைக்கிறேன். படம் தெரிந்து சொன்னவையும் உண்டு. தெரியாமல் காட்டிக்கொடுத்தவையும் உண்டு.

கதை இதுதான்

புளோரிடாவின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில் ஒரு முதியோர் குடியிருப்பு. ஓய்வுபெற்றவர்கள் வெயிலையும் கடலையும் நாடி வந்து குடியேறும் ஊர் அது. இக்குடியிருப்பில் பென், ஆர்ட், ஜோ என்று மூன்று நண்பர்கள் வாழ்கிறார்கள். பென்னுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. ஜோவுக்குப் புற்றுநோய். அங்கே நாட்கள் மெதுவாகத்தான் நகர்கின்றன. வைத்தியம், சாப்பாடு, சீட்டாட்டம், அவ்வப்போது ஒரு மரணம்.

பக்கத்து வளவில் யாரும் குடியில்லாத பெரிய வீடொன்று. அங்குள்ள நீச்சல் தடாகத்தில் இம்மூவரும் பள்ளிக்கூடப் பையன்களைப் போல் களவாகப் புகுந்து குளிப்பது வழக்கம். ஒருநாள் அந்த வீட்டைச் சிலர் வாடகைக்கு எடுக்கிறார்கள். மனிதத் தோலைப் போர்த்திக்கொண்டு வந்த வேற்றுக்கிரகவாசிகள் அவர்கள். ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் விட்டுச் சென்ற தம்மவர்களை மீட்டுப் போக வந்திருக்கிறார்கள். கடலடியிலுள்ளவர்கள் கூடுகளுக்குள் உறங்குகிறார்கள். கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து தடாகத்தில் வைக்கிறார்கள். உறங்குபவர்களுக்கு உயிராற்றல் ஊட்டுவதற்காகத் தடாகத்து நீருக்குச் சக்தி ஏற்றப்படுகிறது.

இது தெரியாமல் மூவரும் குளிக்கிறார்கள். உடலில் புதுத் தெம்பு வருகிறது. பென்னின் பார்வை தெளிகிறது. ஜோவின் புற்றுநோய் அடங்குகிறது. நடனமாடுகிறார்கள், ஓடுகிறார்கள், மனைவியரைப் புதுமாப்பிள்ளைகள் போல் நெருங்குகிறார்கள். உண்மை தெரிந்த பிறகும், வேறு எவருக்கும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு அவர்களுக்கு அனுமதி கிடைக்கிறது.

இரகசியம் நெடுநாள் நிலைக்கவில்லை. குடியிருப்பிலுள்ள ஏனைய முதியவர்கள் தடாகத்துக்குள் கூட்டமாகப் பாய்கிறார்கள். கூடு ஒன்று பழுதாகி, உள்ளே இருந்த உயிர் இறந்துபோகிறது. நீரின் சக்தியும் தீர்ந்துவிடுகிறது. மீதிக் கூடுகளைப் பழையபடி கடலிலேயே வைக்க வேண்டிய நிலை. ஆகவே விண்கலத்தில் இடம் மிஞ்சுகிறது. வந்தவர்களின் தலைவர் வோல்ட்டர் முதியவர்களை அழைக்கிறார். எங்களோடு வாருங்கள், அங்கு நோயில்லை, முதுமையில்லை, சாவுமில்லை என்கிறார். பெரும்பாலானோர் போகிறார்கள். ஒருவர் மட்டும் போக மறுத்துக் கரையில் நின்றுவிடுகிறார்.

பெண்களின் பக்கம்

கதையைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கும் ஆண்கள் மூவரின் முகம்தான் மனதில் நிற்கும். படமும் அவர்களைச் சுற்றியே நகர்கிறது. தடாகத்தைக் கண்டவர்கள் அவர்கள். முதலில் குளித்தவர்கள் அவர்கள். வோல்ட்டரின் அழைப்பும் அவர்கள் வழியாகவே ஏனையோருக்குச் செல்கிறது. பெண்கள் பின்னர்தான் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். அந்தப் பெண்களைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

ஜோவின் மனைவி அல்மா. புற்றுநோயோடு போராடிய கணவனைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். கணவனுக்குச் சுகம் வந்ததும் அவளுக்குக் கிடைத்தது என்ன? தெம்பு திரும்பிய ஜோ வேறு பெண்களைத் தேடிப் போகிறார். நோயாளியாக இருந்தபோது அல்மா தேவைப்பட்டாள். இளமை வந்ததும் அவள் கிழவியாகிவிட்டாள். அல்மா அவரை விட்டு விலகுகிறாள். பின்னர் அவர் வருந்தி வர, சேர்ந்துகொள்கிறாள். யயாதியின் கதையிலும் இளமையை வாங்கியவன் ஓர் ஆண்தான். அவன் அதை வைத்து என்ன செய்தான் என்பதும் நமக்குத் தெரியும்.

பென்னின் மனைவி மேரி. இவர்களுக்கு மகள் ஒருத்தி, பேரன் ஒருவன். பேரன் டேவிட்டுக்குத் தாத்தா பாட்டிதான் உலகம். சாகாத உலகுக்குப் போவதென்றால் இவர்களை இனிப் பார்க்க முடியாது. மேரிக்கு இது எளிதாக இல்லை. மகளிடம் விடைபெறப் போன இடத்தில் உண்மையைச் சொல்லவும் முடியாமல், கட்டிப்பிடித்த கையை எடுக்கவும் முடியாமல் தவிப்பது ஒரு தாயின் தவிப்பு.

பேர்னியின் மனைவி ரோசி. நினைவு தடுமாறத் தொடங்கிவிட்ட மூதாட்டி. தடாகத்தில் குளிக்க வருமாறு நண்பர்கள் அழைத்தபோது, இயற்கை தந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பேர்னி மறுத்துவிடுகிறார். தனக்காக மட்டுமல்ல, ரோசிக்காகவும் அவரே மறுத்துவிடுகிறார். ரோசி இறந்ததும் அவளது உடலைத் தூக்கிக்கொண்டு தடாகத்துக்கு ஓடுகிறார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. படத்திலேயே என் நெஞ்சை அடைத்த காட்சி இதுதான்.

பேர்னி கெட்டவர் அல்லர். மனைவியை மிகவும் நேசித்தவர். ஆனால் நேசிப்பதும் அவளுக்காக முடிவெடுப்பதும் ஒன்றல்ல. நம் வீடுகளிலும் இதைப் பார்க்கிறோம். அம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதா, கொழும்பில் மகனோடு விடுவதா, காணியை எழுதி வாங்குவதா என்று பிள்ளைகள் கூடிப் பேசுவார்கள். அம்மா குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அவரைக் கூப்பிட்டு, உங்கள் விருப்பம் என்ன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றாது.

பெண்கள் குழுவொன்றில் ஒருமுறை நான் இந்தக் கதையைச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்ட ஒரு வயதான அம்மா, “அது சரி மகள், போன இடத்தில அந்த மனுசி பேரனைக் காணாம எப்பிடிச் சோறு தின்னுவா?” என்று கேட்டார். பக்கத்திலிருந்த இன்னொருவர், “எனக்கு முழங்கால் நோ மாறினாலே போதும், சாகாம இருந்து என்ன செய்யிறது?” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் இந்த இரண்டு பேச்சிலும் படத்தின் விமர்சனம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. நோ இல்லாமல் வாழ வேண்டும், நம்மவர்களோடு வாழ வேண்டும். அந்தப் பெண்கள் கேட்டது இவ்வளவுதான். என்றென்றும் இளமையாக இருப்பதை அவர்களில் எவரும் கேட்கவில்லை.

கரையில் நின்றவர்

எல்லோரும் படகேறும்போது பேர்னி மட்டும் போகவில்லை. தன் இடம் இதுதான் என்று நின்றுவிடுகிறார். ரோசி இருந்த இடம், ரோசி புதைக்கப்பட்ட மண். அதை விட்டுப் போய் என்றென்றும் வாழ்வதில் அவருக்கு விருப்பமில்லை.

அமெரிக்க விமர்சகர்கள் இதை வேறுவிதமாகப் பார்த்திருக்கலாம். நமக்கு இந்த முடிவு அந்நியமானதல்ல. கடல் கடந்து போகக் கூடிய வழியிருந்தும் போகாமல் நின்ற தாய்மாரை நமக்குத் தெரியும். “அவன் வந்து பார்க்கேக்கை வீட்டில நான் இருக்க வேணும்” என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய விலாசத்தை விடாமல் இருப்பவர்களைத் தெரியும். யுத்தம் 2009ஆம் ஆண்டு மே மாதம் முடிவடைந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பதில் கிடைக்காமலே அப்பெற்றோரில் பலர் இறந்துபோனார்கள்.

அந்தத் தாய்மாரிடம் தடாகத்தைக் காட்டினால் என்ன சொல்வார்கள் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. முகச் சுருக்கம் போக வேண்டும் என்று அவர்கள் இறங்க மாட்டார்கள். பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அறியும் நாள்வரை உயிரோடிருக்க வேண்டும் என்பதற்காக இறங்குவார்கள். பேர்னிக்காவது ரோசியின் கல்லறை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

முதுமையைக் கேட்டுப் பெற்ற பெண்கள்

ஆண்கள் இளமையைத் தேடி அலைந்த கதைகள் இப்படியிருக்க, நம் மரபில் பெண்கள் வேறொன்றைக் கேட்டிருக்கிறார்கள். ஔவையாரைப் பற்றி வழங்கிவரும் கதை நாம் சிறுவயதில் கேட்டதுதான். அழகிய இளம்பெண்ணாக இருந்தபோது திருமணப் பேச்சு எழ, பிள்ளையாரை வேண்டி முதுமை உருவத்தைப் பெற்றுக்கொண்டார். அதன்பின் தனியாக ஊரூராக நடந்தார், அரசர்களோடு பேசினார், பாடினார். காரைக்கால் அம்மையாரும் அவ்வாறே. கணவன் தன்னைத் தெய்வம் என்று சொல்லி விலகி வேறொருத்தியை மணந்துகொண்டான் என்று அறிந்ததும், அவனுக்காகச் சுமந்த இந்த அழகுத் தசை இனி வேண்டாம், பேயுருவைத் தா என்று சிவனிடம் கேட்டார்.

ஏன் இவர்கள் முதுமையையும் அழகின்மையையும் கேட்டார்கள்? இளமை என்பது இவர்களுக்குச் சுதந்திரமாக இருக்கவில்லை என்பதே காரணம் என்று நான் கருதுகிறேன். இளம்பெண்ணின் உடல் மேல் ஊரின் கண் இருக்கிறது. யாருக்குக் கட்டிக்கொடுப்பது, எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும், யாரோடு பேசலாம் என்று பிறர் முடிவு செய்கிறார்கள். கிழவியானால்தான் தனியே நடக்கலாம் என்றால், குறை கிழவியிலும் இல்லை, குமரியிலும் இல்லை. அந்தக் கண்ணில்தான் இருக்கிறது.

யுத்தத்தின் பின் நம் சமூகம் இதை மறுபக்கமாகவும் செய்தது. இருபத்தைந்து, முப்பது வயதில் கணவனை இழந்தவளை ஒரே நாளில் கிழவியாக்கியது. பொட்டை அழி, பூவைக் கழற்று, நிறச் சேலை உடுக்காதே, கலியாண வீட்டில் முன்னுக்கு வராதே. “இனி உனக்கு என்ன, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இரு” என்ற ஒரு வசனம் அவளது மீதி நாற்பது ஆண்டுகளையும் மூடிவிட்டது. அதே சமயம் வேலைக்குப் போனால், சிரித்துப் பேசினால், அவள் இளம்பெண் என்பதும் அதே ஊருக்கு ஞாபகம் வந்துவிடும். நடத்தை பற்றிய கதைகள் கிளம்பும். துன்பத்தில் கிழவி, சந்தேகத்தில் குமரி! இந்த இரட்டை நியாயத்தை அனுபவிக்காத இளம் விதவைகள் நம் மத்தியில் குறைவு.

ஆகவே, வயது என்பது வெறும் ஆண்டுக் கணக்கு மட்டும் அல்ல. ஒரு பெண்ணை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதும் அவளது வயதைத் தீர்மானிக்கிறது. இதை நான் உருவகமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். விஞ்ஞானமும் இதற்கு நெருங்கிய ஒன்றைச் சொல்லியிருக்கிறது.

விஞ்ஞானம் சொல்வது

நமது உடலின் பெரும்பாலான கலங்களினுள் நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றின் நுனியில் டெலோமியர் எனப்படும் காப்புப் பகுதி உண்டு. சப்பாத்து நாடாவின் நுனி பிரிந்துபோகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்களே, அதைப் போன்றது என்று சொல்வார்கள். கலம் பிரியப் பிரிய அந்த நுனி தேய்கிறது. மிகவும் தேய்ந்துவிட்டால் கலம் மேலும் பிரிய முடியாமல் நின்றுவிடும். முதுமை ஏற்படும் வழிகளில் இதுவும் ஒன்று. இதுபற்றிய கண்டுபிடிப்புக்காக 2009ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. அவர்களில் எலிசபெத் பிளாக்பேர்ன், கரோல் கிரைடர் ஆகிய இருவர் பெண்கள்.

பிளாக்பேர்னும் உளவியலாளர் எலிசா எப்பலும் ஏனைய ஆய்வாளர்களும் சேர்ந்து 2004ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பங்குபற்றிய 58 பேரும் தாய்மார். அவர்களில் 39 பேர் நீண்டகால நோயுள்ள பிள்ளையைப் பராமரிப்பவர்கள். 19 பேரின் பிள்ளைகள் சுகமாக இருப்பவர்கள். மன அழுத்தம் மிக அதிகமாக இருந்த தாய்மாரின் டெலோமியர்கள், மன அழுத்தம் குறைந்தவர்களுடையதை விடக் குறுகியிருந்தன. வயதுக் கணக்கில் சொன்னால் குறைந்தது பத்து ஆண்டுகள் கூடுதலாக முதிர்ந்ததற்குச் சமம். நோயுற்ற பிள்ளையை எத்தனை ஆண்டுகள் பராமரித்தார்களோ அதற்கேற்பவும் தேய்வு கூடியிருந்தது.

58 பேரைக் கொண்ட ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிடக் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பராமரிப்பவர் என்பதால் மட்டும் ஒரு தாய் முதிர்ந்துவிடவில்லை. ஓய்வின்றி நெடுங்காலம் பராமரித்ததும், சுமை தாங்க முடியாதது என்று அவள் உணர்ந்ததுமே தேய்வோடு சேர்ந்து வந்தன. “கவலை மனுசரைத் தின்னும்” என்று நம் அம்மம்மாமார் சொன்னது பொய்யல்ல. சுமையை இன்னொருவர் பங்குபோட்டால், களைத்தவளுக்கு ஒருநாள் ஓய்வு கிடைத்தால், அது அவளுக்குச் செய்யும் தயவு அல்ல. அவளது ஆயுளோடு சம்பந்தப்பட்ட விடயம்.

நடித்தவர்களின் கதை

படத்துக்கு வெளியேயும் ஒரு கதை உண்டு. முதியவர் பென்னாக நடித்த வில்பர்ட் பிரிம்லிக்குப் படப்பிடிப்பின்போதுதான் ஐம்பது வயதானது. கதையில் இளமை திரும்பியவர்களில் அவர் ஒருவர். நிஜத்தில் இளைஞர் முதியவராக நடித்தார்! அல்மாவாக நடித்த ஜெசிக்கா டண்டிக்கு நிஜமாகவே எழுபத்தைந்து. ஜோவாக நடித்த ஹியூம் குரொனின் வாழ்க்கையிலும் அவரது கணவர். 1942இல் மணந்தவர்கள்.

டண்டி 1909ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தவர். 1947இல் நியூயோர்க் நாடக மேடையில் ‘ஸ்ட்ரீட்கார்’ நாடகத்தின் கதாநாயகி பிளான்ஷாக நடித்துப் பெரும் புகழ் பெற்றார். அந்நாடகம் 1951இல் படமானபோது அந்தப் பாத்திரம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. திரையில் அவருக்கு உரிய இடம் கிடைக்க முதுமை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘டிரைவிங் மிஸ் டெய்ஸி’ படத்துக்காக 1990ஆம் ஆண்டு சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றபோது அவருக்கு வயது 80. அந்த ஆண்டிலேயே புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அதன் பிறகும் நடித்தார். 1994இல் இறந்தார். தடாகத்து நீர் இல்லாமலே எண்பதில் மலர்ந்த பெண் அவர். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு வாய்ப்பு.

நடன ஆசிரியை பெஸ்ஸாக நடித்த குவென் வேர்டனின் கதையும் அப்படித்தான். சிறுவயதில் எலும்பு மென்மை நோயால் கால்கள் வளைந்து, விறைப்பான சப்பாத்துகளோடு நடந்த பிள்ளை. தாயார் கால்கள் பலம்பெறவென்று நடனம் பழக்கினார். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் நியூயோர்க் மேடையின் மிகப் பெரிய நடனக் கலைஞர்களில் ஒருவராகி நான்கு டோனி விருதுகளை வென்றார்.

இதே கருவில் அண்மையில் வந்த இன்னொரு படத்தையும் குறிப்பிட வேண்டும். 2024ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பெண் இயக்குநர் கொரலி பார்ஜா எடுத்த ‘த சப்ஸ்டன்ஸ்’. ஐம்பது வயதானதும் வேலையிலிருந்து விலக்கப்படும் தொலைக்காட்சி நட்சத்திரம் ஒருத்தி இளமை மருந்தொன்றை ஊசியால் ஏற்றிக்கொள்கிறாள். அவளது உடலிலிருந்தே இளம் உருவம் ஒன்று பிறந்து, இறுதியில் அவளையே அழிக்கிறது. மிகக் கோரமான காட்சிகள் உள்ள படம். இரத்தத்தையும் சிதைந்த உடலையும் நேரில் கண்ட நம்மவர்களுக்கு இதைப் பார்க்கும்படி நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் ஒரு வித்தியாசம் தெரியும். ஆண்களுக்கு இளமை விளையாட்டாகத் திரும்பி வருகிறது. பெண்ணுக்கு அது வேலையைத் தக்கவைக்கச் செலுத்தும் கப்பமாக வருகிறது. முகத்துக்குப் பூசும் வெள்ளைக் கிறீம் விளம்பரங்களும் இந்தப் பயத்தை வைத்துத்தான் நம்மிடம் வியாபாரம் செய்கின்றன. அத்தகைய சில கிறீம்களில் சிறுநீரகத்தைப் பாதிக்கும் பாதரசம் கலந்திருக்கிறது என்பதையும் இவ்விடத்தில் சொல்லி வைக்கிறேன்.

திரும்பி வந்தவர்கள்

‘கொக்கூன்’ படத்தின் இரண்டாம் பாகம் 1988ஆம் ஆண்டு வந்தது. முதற் படத்தின் தரம் இதற்கு இல்லை. எனினும் இதன் முடிவு எனக்குப் பிடித்திருந்தது. சாகாத உலகுக்குப் போனவர்கள் உறவினரைப் பார்க்க நான்கு நாட்கள் பூமிக்கு வருகிறார்கள். பேரனையும் மகளையும் கண்ட மேரியும் பென்னும் திரும்பிப் போகவில்லை. முதுமையும் சாவும் வரும் என்று தெரிந்துகொண்டே இங்கேயே தங்கிவிடுகிறார்கள். அல்மா சிறுபிள்ளைகளின் பள்ளியொன்றில் வேலை தேடிக்கொள்கிறாள். குழந்தையொன்றைக் காப்பாற்றப் போய் வாகனத்தில் அடிபட்ட அவளுக்கு, நோய் திரும்பியிருந்த ஜோ தன் உயிராற்றலைக் கொடுத்துவிட்டு இறக்கிறார். முதற் படத்தில் இளமை வந்ததும் மனைவியை மறந்தவர், இரண்டாம் படத்தில் தன் ஆயுளையே அவளுக்கு விட்டுச் செல்கிறார். தனிமையில் வாடிய பேர்னிக்கும் ஒரு துணை கிடைக்கிறது. ரோசியின் நினைவுக்கு அதனால் எந்தக் குறையும் வந்துவிடவில்லை. அவர் ஆண் என்பதால் இதை எவரும் கேள்வி கேட்கவுமில்லை. மனைவியை இழந்தவருக்கு உள்ள அந்த உரிமை கணவனை இழந்தவளுக்கும் உண்டு என்பதை நாம் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

தோழியரே, உங்கள் குழுக்களில் வசதி இருந்தால் முதற் படத்தைப் பாருங்கள். ஆங்கிலப் படமென்றாலும் கதை விளங்கும். இடையிடையே சிரிக்கவும் முடியும். பார்த்து முடிந்ததும், இளமை திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: உங்களை வயதுக்கு முன்னரே கிழவியாக்கியது எது? பதிலாக வருவனவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். தனியாகத் தூக்கிய சுமை, போட விடாத பொட்டு, கேட்காமல் எடுத்த முடிவு, கிடைக்காத பதில் என்று பட்டியல் நீளும். அவற்றில் சில நம்மால் மாற்ற முடியாதவை. ஆனால் சில, அடுத்த வீட்டுப் பெண்ணின் நோயாளிப் பிள்ளையை ஒரு பின்னேரம் பார்த்துக்கொள்வதாலும், நம் வீட்டுக் கலியாணத்தில் கணவனை இழந்த சகோதரியின் கையில் ஆராத்தித் தட்டைக் கொடுப்பதாலும் மாறக் கூடியவை. அவற்றிலிருந்து தொடங்கலாம்.